படகில் நின்ற தகப்பனார்

ராயபுரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: ராயப்பர் பெயரால் வந்தது என்று. ராயப்பர் வேறு யாருமல்ல. புரொட்டஸ்டண்டுகள் பேதுரு என்கிறார்களே, அவர்தான். இயேசுநாதரின் சீடர்களில் முதல்வர். தொழில், மீன் பிடித்தல்.

ராயபுரத்திலுள்ள ராயப்பர் கோவிலும் கடல் தொழிலாளிகள் எழுப்பியதுதான். சுமார் 200 வருஷங்களுக்கு முன்பு சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையோடு மல்லுக்கட்டி, ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தவர்கள் படகுக்காரர்கள். அந்தக் கூலிக் காசில் எழும்பிய கோவில் அது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காசிமேடு. இன்றும் விடியற்காலையில் மீன் ஏலம் கூவும் சத்தத்தில் காது அடைத்துப் போகும்.

ஆகவே, “வலையை விட்டுவிட்டு என் பின்னே வா” என்பதுபோல் ஒருவர் அழைத்தார், அழைக்கப்பட்டவர்கள் உடனே போனார்கள் என்ற கதையின் கனம் என்ன என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கலிலேயாக் கடற்கரையில் நடந்த அந்தச் சம்பவத்தைச் சித்திரக்காரர்கள் ஆயிரம் விதமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் இயேசுநாதர் கரையில் நிற்பார். நான்கு வாலிபர்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். நாமும் அந்த நால்வரைத்தான் பார்க்கிறோம். படத்தின் ஓரத்தில் ஒரு படகு இருக்கிறதே, அதில் உட்கார்ந்திருக்கும் கிழவரை யாரும் பார்ப்பதில்லை.

அவர் பெயர் செபதேயு. யாக்கோபுக்கும் யோவானுக்கும் தகப்பனார். பிள்ளைகள் இருவரும் படகில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பு வந்தது. எழுந்து போய்விட்டார்கள். தகப்பனாரைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுப் போனார்கள் என்று மாற்கு ஒரு சிறு தகவலை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

கூலியாட்கள் வைத்திருந்தார் என்றால் செபதேயு ஒரு சின்ன முதலாளி. படகு சொந்தம், வலை சொந்தம். காசிமேட்டுக் கணக்குப்படி பார்த்தால், பிடித்த மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பிள்ளைகள் இரண்டு பேர் படகில் இருந்தால் அந்த இரண்டு ஆள் பங்கும் வீட்டுக்கே வரும். அவர்கள் போய்விட்டால் அந்த இடத்தில் இரண்டு பேரைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். வலை தைக்கவும் ஆள் பிடிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடைக் காலத்தில், காசிமேட்டில் படகுப் பழுது பார்ப்பதும் வலை தைப்பதுமாக இருப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பாதி வலையைத் தைத்துக்கொண்டிருந்த பிள்ளை, “போய் வருகிறேன்” என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனால் தகப்பன் என்ன சொல்வார் என்று.

செபதேயு என்ன சொன்னார்? சுவிசேஷத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சீடனாவதற்கு விலை உண்டு என்று கிறிஸ்தவப் பிரசங்கிகள் அனைவரும் சொல்கிறார்கள். சிலுவையைச் சுமக்க வேண்டும், தன்னை வெறுக்க வேண்டும், உடைமையைத் துறக்க வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த விலையைக் கொடுப்பவன் சீடன் ஒருவனே என்பதுபோலப் பேசுகிறார்களே, அதுதான் நமக்குச் சரியாகப் படவில்லை. விலையில் பெரும்பகுதி வீட்டில் இருப்பவர்களிடம் வசூலாகிறது. தகப்பன், தாய், மனைவி, பிள்ளை, சில சமயம் பேத்திகூடக் கொடுக்கிறாள். அவர்களைக் கேட்டு யாரும் ரசீது எழுதுவதில்லை.

மாமியாரின் காய்ச்சல்

பேதுருவின் சமாசாரமும் இதேதான். அவர் பிரம்மச்சாரி அல்ல. அவருடைய மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தாள், இயேசுநாதர் குணப்படுத்தினார், அவள் எழுந்து வந்தவர்களுக்குப் பரிமாறினாள் என்று எழுதியிருக்கிறது. மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருக்கத்தானே வேண்டும்? வலையை விட்டவருடைய வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? பிற்காலத்தில் பேதுரு பிரயாணம் போனபோது மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார் என்பது பவுல் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த அம்மாளின் பெயர்கூட வேதாகமத்தில் இல்லை. ஊர் ஊராக அவள் அலைந்ததற்குக் கணக்கும் இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயேசுநாதர் விலையை மறைத்தவர் அல்ல. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து, முடிக்கும் வரை கையில் பணம் இருக்குமா என்று கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டார். அஸ்திவாரம் போட்டுவிட்டு மேலே எழுப்ப முடியாமல் நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்த உவமைக்குப் பொழிப்புரை வேண்டாம். கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் வீடுகளைப் பார்த்தாலே போதும். வீட்டுக் கடன் வாங்கினவன் கதை அதில் எழுதியிருக்கும்.

பின்னே வருகிறேன் என்று ஆசையோடு வந்த ஒருவனிடம், நரிக்குக் குழி உண்டு, பறவைக்குக் கூடு உண்டு, எனக்குத் தலை சாய்க்க இடமில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். ஆள் சேர்க்க வந்தவர் பேசுகிற பேச்சா இது! பணக்கார வாலிபன் ஒருவனை, விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். அவன் துக்கத்தோடு திரும்பிப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பாதி சொத்தை விற்றால் போதும் என்று பேரம் பேசவுமில்லை.

இன்றைக்குச் சுவரொட்டிகளைப் பாருங்கள். கடன் தீரும், வியாதி போகும், விசா கிடைக்கும், வீடு அமையும். அந்தச் சுவரொட்டியில் தலை சாய்க்க இடமில்லாதவரின் பெயரும் இருக்கிறது. என்ன விந்தை!

தாய்க்கு இட்ட தீ

தமிழன் காதுக்குச் சீடத்துவத்தின் கடினமான சொல் எது? சிலுவை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. துறவும் தியாகமும் நமக்குப் பழகியவை. கௌபீனத்தோடு வெளியேறிய கோடீஸ்வரர் கதை நம் ஊர்க் கதை. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதறுந்த ஊசி கைக்கு வந்த அன்று, கப்பல் வாணிபத்தையும் மாளிகையையும் உதறிவிட்டுப் போனவர். இன்றும் அங்கே போய் விழுந்து கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் பட்டினத்தாரும் ஒன்றை உதறவில்லை என்பதுதான் நம் ஜனங்கள் விடாமல் சொல்லி வரும் கதை. பெற்ற தாய் இறக்கும்போது எங்கே இருந்தாலும் வந்து கொள்ளி வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் போனாராம். வந்தாராம். பச்சை வாழை மட்டையை அடுக்கித் தீ மூட்டினாராம். சங்கராச்சாரியார் விஷயத்திலும் இதே கதைதான். எல்லாவற்றையும் விட்ட துறவியும் தாயின் சிதைக்குத் திரும்பி வருவான். அந்தக் கடனை நம் தேசத்தில் யாரும் தள்ளுபடி செய்ததில்லை.

இயேசுநாதரிடம் வந்த ஒருவன் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்துவிடுகிறேன், உத்தரவு கொடுங்கள் என்றான். மரித்தவர்களை மரித்தவர்கள் அடக்கம் செய்து கொள்ளட்டும், நீ வா என்ற பதில் கிடைத்தது. பைபிள் முழுவதும் தேடினாலும் ஒரு தமிழ்த் தாயின் வயிற்றைக் கலக்கும் வாக்கியம் இதைப்போல் இன்னொன்று கிடைக்காது. அவனுடைய தகப்பன் அப்போது இறந்திருக்கவில்லை, கிழவர் சாகிறவரை பல வருஷம் காத்திருக்கிறேன் என்று சாக்குச் சொன்னான், அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்லும் பண்டிதர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் சொல் கடினம்தான். அதை மெழுகித் துடைப்பதில் பிரயோஜனமில்லை.

அதே இயேசுநாதர் வேறொரு சந்தர்ப்பத்தில் என்ன சொன்னார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து யூதர்களில் சிலர், தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டிய பொருளை, “இது கொர்பான், கடவுளுக்கு நேர்ந்துவிட்டது” என்று சொல்லித் தட்டிக் கழித்தார்கள். அவர்களை அவர் கண்டித்த கண்டிப்பு சாதாரணமானதல்ல. கடவுள் பெயரைச் சொல்லி வீட்டுக் கடனிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாயா என்று சாடினார். கடைசியில் தாமே சிலுவையில் தொங்கும்போது, கீழே நின்ற தாயைச் சீடன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அந்தச் சீடன் யோவான்தான் என்பது சபையின் பாரம்பரியம். அப்படியானால் அவன் செபதேயுவின் பிள்ளை. தகப்பனைப் படகில் விட்டு வந்தவன் கையில் ஒரு தாயை ஒப்படைத்தார்கள்!

மூச்சு நிற்கும் நேரத்தில்கூட வீட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனவர் அவர். அவர் பெயரால் அழைக்கிறவர்கள் எத்தனை பேர் இந்தக் காட்சியை நினைக்கிறார்கள்?

ஜார்ஜ் டவுனில் நடந்தது

நம் சென்னையிலேயே இந்தக் கணக்கு ஒரு முறை பகிரங்கமாக வெடித்திருக்கிறது. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பள்ளியில் படித்த ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு என்ற மூன்று வாலிபர்கள் 1841ல் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் கொதித்தது. பெற்றோர்கள் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்த மூவரின் தீரத்தைப் பற்றிப் பாதிரிமார் புஸ்தகம் புஸ்தகமாக எழுதினார்கள். தவறில்லை. சொத்தும் சாதியும் சுற்றமும் ஒரே நாளில் போவது விளையாட்டல்ல. ஆனால் அக்காலத்தில் மதம் மாறிய பிள்ளையை இறந்தவனாகப் பாவித்துத் தலை முழுகிய குடும்பங்கள் உண்டு. உயிரோடு இருக்கும் பிள்ளைக்காகத் தலை முழுகிய அந்தத் தாய்மார்களைப் பற்றி யார் புஸ்தகம் எழுதினார்கள்? பிள்ளைக்கு ஒரு புது சபை கிடைத்தது, புது சகோதரர்கள் கிடைத்தார்கள். தாய்க்கு என்ன கிடைத்தது? அவளைப் பிடிவாதக்காரி என்றும் அஞ்ஞானி என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம்.

ஞானப்பூ அம்மாள்

தமிழ் மண்ணில் சீடத்துவத்தின் விலையை உயிரால் செலுத்தியவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒருவர் இருக்கிறார். நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசாங்கத்தில் உத்தியோகம். 1741ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாயின் சிநேகம் ஏற்பட்டது. அதன் பலனாக 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749ல் கைதானார். எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தூவினார்கள் என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது. 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகவா, அரசாங்கக் குற்றத்துக்காகவா என்று சரித்திரக்காரர்களுக்குள் வாதம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை வேத சாட்சி என்று தீர்மானித்து, 2022 மே 15ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தது. இந்தியாவில் துறவறத்தில் சேராத குடும்பஸ்தர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

குடும்பஸ்தர் என்றோம். அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? மனைவி பார்கவி அம்மாள். புருஷன் மதம் மாறினதும் அவளும் ஞானஸ்நானம் பெற்றாள். ஞானப்பூ என்று பெயரிட்டார்கள். புருஷனுடைய உத்தியோகம் போயிற்று. அந்தஸ்து போயிற்று. புருஷனை விலங்கிட்டு வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் கொன்றும் விட்டார்கள். அவள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்துக்குப் போய் மிச்சக் காலத்தைக் கழித்து அங்கேயே மறைந்தாள். புருஷனுக்கு வேதனை மூன்று வருஷம். அவளுக்கு அதற்குப் பிறகும் பல வருஷம். பட்டம் அவருக்கு. பீடத்தில் படமும் அவருக்கு. நாம் பட்டத்தைக் குறை சொல்லவில்லை. காற்றாடி மலைக்குப் போகிறவர்கள் வடக்கன்குளத்தையும் நினைக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகியதும் தேவசகாயத்தின் மேல் உயர்சாதியாருக்கு ஏற்பட்ட கோபத்துக்குக் காரணம் என்று சொல்வார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், அவர் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழிந்த பிறகு, கிறிஸ்தவர்களே தங்கள் கோவிலைச் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். பீடம் ஒன்று, உட்காரும் கூடம் இரண்டு. 1910ல் அந்தச் சுவரை இடித்தபோது, இடிக்கக் கூடாது என்று வழக்கு சென்னை ஹைகோர்ட் வரை வந்தது. சீடன் உயிரைக் கொடுத்து வாங்கினதை வாரிசுகள் என்ன விலைக்கு விற்றார்கள் பார்த்தீர்களா! புனிதரின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த “பிள்ளை” என்ற சாதிப் பட்டமும், பலர் முறையிட்ட பிறகு, பட்டமளிப்புக்கு முன்னால்தான் எடுக்கப்பட்டது.

ரேடியோவில் கேட்ட செய்தி

இந்த விஷயத்தைப் பற்றி ஜெர்மனியில் 1937ல் ஒரு பாதிரியார் புஸ்தகமே எழுதினார். டீட்ரிச் போன்ஹாபர் என்று பெயர். விலை கொடுக்காமல் கிடைக்கும் கிருபை மலிவுச் சரக்கு என்பது அவர் வாதம். எழுதியபடி நடந்தும் காட்டினார். ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்தவர்களோடு சேர்ந்தார். 1943 ஏப்ரலில் சிறை. 1945 ஏப்ரல் 9ந் தேதி தூக்கு. அப்போது அவருக்கு வயது 39. இன்னும் சில வாரம் போயிருந்தால் யுத்தமே முடிந்திருக்கும்.

அவருடைய புஸ்தகத்தைப் படித்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். மரியா என்ற 18 வயதுப் பெண்ணுக்கு அவர் நிச்சயமாகியிருந்தார் என்பதும், நிச்சயமான மூன்றே மாதத்தில் சிறைக்குப் போனார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவருடைய வயோதிகப் பெற்றோர் பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமல் பெர்லினில் காத்திருந்தார்கள். ஜூலை மாதத்தில் லண்டனிலிருந்து அவருக்கு நடந்த நினைவு வழிபாட்டை ரேடியோவில் கேட்டுத்தான் பிள்ளை போய்விட்டான் என்று நிச்சயப்படுத்திக் கொண்டார்கள். படகில் நின்ற செபதேயு ஜெர்மனியில் ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கோபுரம்

எல்லாம் சோகக் கதையாகச் சொல்கிறீர்களே, கணக்குப் பார்த்துக் கட்டி முடித்த கோபுரம் ஒன்றுமே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. அதற்கு வட சென்னையை விட்டு வெளியே போகவும் வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் 1860ல் பிறந்த மட்டில்டா மாக்பெயில் என்ற பெண், பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் டாக்டருக்குப் படித்தார். 1888ல் மிஷன் வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். அந்நாளில் ஆண் டாக்டரிடம் கை நாடியைக்கூடக் காட்ட மாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே செத்த பெண்கள் எத்தனையோ பேர். ஒரு சிறு மருந்துச் சாலையாக ஆரம்பித்தார். வேலை வளர்ந்தது. ராயபுரத்தை ஒட்டிய பழைய வண்ணாரப்பேட்டையில் 1914ல் பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் இந்த மிஷன் வேலைக்காக உழைத்த கிறிஸ்டினா ரெய்னி அம்மையாரின் பெயரை வைத்தார்கள். அதுதான் ரெய்னி ஆஸ்பத்திரி. வட சென்னையில் “நான் ரெய்னியில் பிறந்தேன்” என்று சொல்லும் குடும்பங்களை எண்ணி முடியாது. ஆரம்பித்ததற்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே 26 வருஷம். இடையில் முதல் மகா யுத்தத்தில் செர்பியாவுக்கும் பிரான்ஸுக்கும் போய்ச் சிகிச்சை செய்துவிட்டுத் திரும்பி வந்தார் அந்த டாக்டரம்மாள். சுமார் 40 வருஷம் உழைத்துவிட்டு 1928ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

இந்தக் கோபுரம் ஏன் முடிந்தது? அம்மாளின் மன உறுதி ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது. சம்பளம் கொடுத்தது, விடுமுறை கொடுத்தது, கட்டடத்துக்குப் பணம் திரட்டியது. ஸ்காட்லாந்தில் எத்தனையோ பெண்கள் ரெய்னி அம்மையாரோடு சேர்ந்து காசு காசாகச் சேர்த்தார்கள். விலையை ஒருத்தி தலையில் கட்டாமல் பலர் பங்கு போட்டுக் கொண்டார்கள். ஞானப்பூ அம்மாளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால்? செபதேயுவின் படகுக்கு இரண்டு ஆள் அனுப்பப்பட்டிருந்தால்?

பேத்தி கொடுக்கும் விலை

பழங்கதை போதும். இன்றைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இன்று சீடத்துவத்தின் விலையைக் கொடுப்பவர்கள் யார்? பரம்பரைக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் எதுவும் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலைத் தவிர! கொடுக்கிறவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள். அதிலும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

1950 ஆகஸ்ட்டில் ராஷ்டிரபதி உத்தரவு ஒன்று வந்தது. இந்துக்கள் மட்டுமே அட்டவணை வகுப்பினர் என்று அதில் கண்டது. 1956ல் சீக்கியர்களையும், 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் இவர்களைப் பிற்பட்ட வகுப்பில் வைத்திருக்கிறார்கள். ஆகவே அட்டவணை வகுப்புக்கான இட ஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் முன்னாள் பிரதம நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதைப் பரிசீலிக்கக் கமிஷன் வைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை, மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் மூட்டை தூக்கின ஒரு தாத்தா, என்றோ ஒரு நாள் மனமுவந்து ஞானஸ்நானம் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்குப் பார்த்துத்தான் பெற்றார். அவருக்குச் சுயமரியாதை கிடைத்தது, ஒரு கடவுள் கிடைத்தார். சரி. அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி வாசலில் நிற்கிறாள். சேரியில் பிறந்தவள் என்று தெருவில் ஒதுக்குகிறவன் அவள் என்ன மதம் என்று கேட்டு ஒதுக்குவதில்லை. சர்டிபிகேட் கொடுக்கிறவர் மட்டும் கேட்கிறார். இது எந்தச் சிலுவை? இயேசுநாதர் சுமக்கச் சொன்னதில் இது சேருமா?

இதனால் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒரு பெயர் என்று இருக்கும் வீடுகள் உண்டு. உடனே, “விசுவாசத்தில் பலவீனம்” என்று மேடையில் முழங்கும் போதகர்கள் உண்டு. “ஏமாற்றுக்காரர்கள்” என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்! அந்த வீட்டுத் தாய் ஏமாற்றவில்லை. பிள்ளைகளை விலையாகக் கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறாள்.

ஒருவன் தானாக முன்வந்து கொடுப்பதற்குத் தியாகம் என்று பெயர். கொடுக்காதவளிடமிருந்து சர்க்கார் பிடித்துக்கொள்வதற்கு வேறு பெயர். சபைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, “பார்த்தீர்களா, எங்கள் ஜனங்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள்” என்று பெருமை பேசுவது நியாயமில்லை. டில்லிக்கு மகஜர் அனுப்புவது அவசியந்தான். அதே சமயம் சபைகளின் கையிலேயே பள்ளிகளும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அந்தப் பேத்திக்கு அங்கே முதல் இடம் கொடுக்க எந்த ராஷ்டிரபதி உத்தரவு தடுக்கிறது? அவள் தாத்தாவைப் புதைக்கக் கல்லறையில் தனி மூலை காட்டும் ஊர்கள் இன்னும் இருக்கின்றனவே, அதற்கு எந்தக் கமிஷன் வர வேண்டும்?

ஞானஸ்நானத்துக்கு முன்பு போதகர்கள் பல கேள்விகள் கேட்கிறார்கள். பாவத்தை வெறுக்கிறாயா, பிசாசை விட்டுவிடுகிறாயா, விசுவாசிக்கிறாயா என்று. கேட்கட்டும். அதோடு ஒரு மாலைப் பொழுது அவன் வீட்டுக்கும் போய்ப் பாயில் உட்காரட்டும். உன் சம்பளத்தை நம்பி இங்கே எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், உன் பிள்ளைகளின் சர்டிபிகேட்டில் என்ன மாறும், உன் தாய் இறந்தால் யார் கொள்ளி வைப்பது என்று அவள் காது கேட்கக் கேட்கட்டும். அவள் சொல்லும் பதிலையும் கேட்டுக்கொண்டு, சபை அதில் எத்தனை பங்கு ஏற்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டு வரட்டும்.